உண்ணி மருந்தும் பூனை மணலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணித் தொல்லை தாங்க முடியவில்லை. பிடரியில் விடும் சொட்டு மருந்து நீர்நிலைகளைக் கெடுக்கும் என்று உறவினர் ஒருவர் தடுக்கிறார். வேப்பெண்ணெயும் மஞ்சளும் மட்டும் போதுமா? ஞாயிறுதோறும் நாயைக் கண்மாயில் குளிப்பாட்டுவது எங்கள் வழக்கம்.
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் உறவினரின் கவலை நியாயமானது. இத்தகைய சொட்டு மருந்துகள் பலவற்றில் பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் ஆகிய பூச்சிக்கொல்லிகள் உள்ளன. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளை ஆராய்ந்த சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர், அவற்றுள் 98 விழுக்காட்டில் பிப்ரோனில் இருந்ததை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாய், பூனைகளின் மேல் இடப்பட்ட மருந்து குளியல் நீரோடு கலந்து ஆற்றை அடைவதே இதற்கு முக்கியக் காரணமாக இருக்கும் என்றும் அவர்கள் கருதினர். தண்ணீரில் வளரும் தட்டான் குஞ்சு போன்ற சிற்றுயிர்களுக்கு இம்மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாகும். அவற்றைத் தின்று வளரும் மீன்களுக்கும் அதனால் இரை குறையும்.

அதற்காக மருந்தையே கைவிடுவது சரியன்று. உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா நோய் நாயின் உயிரையே பறிக்கக்கூடியது. காய்ச்சல், உணவில் வெறுப்பு, மூக்கில் இரத்தக் கசிவு ஆகியவை தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டலாம். ஏற்கெனவே பெருகிவிட்ட உண்ணிகளை ஒழிக்க அதை மட்டும் நம்ப இயலாது.

நாயின் உடலில் நாம் காண்பது உண்ணிக் கூட்டத்தின் ஒரு பகுதியே என்பதைப் பலர் அறிவதில்லை. நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நிற உண்ணி, தன் ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்தபின் கீழே உதிர்ந்து, வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வளர்கிறது. ஆமணக்கு விதையைப் போல உப்பிய பெண் உண்ணி, சுவரேறி வெடிப்பிலோ கதவு நிலையின் பின்புறத்திலோ புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. ஆகவே, நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். அதன் சாக்கையும் துணியையும் வாரந்தோறும் கொதிநீரில் அலசிக் காயப்போடுங்கள். நாள்தோறும் காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, அகப்படும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துச் சோப்பு நீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். இவற்றை விடாமல் செய்தால் மருந்தின் தேவை குறையும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மருந்திட்ட மாதம் முழுவதும் நாயைக் கண்மாயில் இறக்கவே இறக்காதீர்கள். ஊர் மாடுகளும் மீன்களும் நம்பியிருக்கும் நீர் அது. வீட்டில் குளிப்பாட்டும் நீரும் மழைநீர் வடிகாலில் சேரக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை: நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின், பூனையைக் கொல்லும் அளவுக்கு நஞ்சு.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்கிறோம். அதன் கழிவுத் தட்டுக்கு வாங்கும் களிமண் மணல் குப்பையாகக் குவிவது மனத்தை உறுத்துகிறது. மாற்று உண்டா? கழிவை உரமாக்கி மாடித் தோட்டத்துக் கீரைக்கு இடலாமா?
– வாசகி, கோவை

பதில்: முதலில் இரண்டாம் கேள்விக்கு விடை: கூடாது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும். ஈர மண்ணில் அவை மாதக்கணக்கில் உயிருடன் கிடக்கும். வீட்டு உரத்தொட்டியின் சூடு அவற்றை அழிக்கும் என்பதற்கு உறுதியில்லை. கருவுற்ற பெண்களின் சிசுவை இவ்வொட்டுண்ணி கடுமையாகப் பாதிக்கும் என்பதால், அவர்கள் அந்தத் தட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெளியேறிய முட்டைகள் நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். எனவே தட்டை அன்றாடம் சுத்தம் செய்வதே பெரும் பாதுகாப்பு. பச்சை இறைச்சி கொடுக்காமல் வேகவைத்தே கொடுங்கள்.

களிமண் மணலில் பெரும்பாலானது நிலத்தைத் தோண்டி எடுக்கப்படும் பெண்டோனைட், அது மட்குவதில்லை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பொள்ளாச்சிப் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூள் நல்ல மாற்று. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மர அறுவை ஆலையின் தூளும் ஆகும். ஆனால் பசை கலந்த பிளைவுட் தூளையும் மூச்சில் புகும் மிக நுண்ணிய தூளையும் தவிர்த்துவிடுங்கள். திடீரென மாற்றினால் பூனை தட்டையே புறக்கணிக்கும். பழைய மணலோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். மலத்தைச் செய்தித்தாளில் சுற்றித் தனியே கொடுத்து, அது இன்னதென்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். வெறுங்கையால் குப்பை பிரிப்பவர்கள் அவர்கள்.

கேள்வி: பிள்ளைக்காக வாங்கிய, காதோரம் சிவப்புக் கோடுள்ள சிறு ஆமை இப்போது தட்டளவு வளர்ந்துவிட்டது. கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த அந்த ஆமை, நம் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உள்ளது. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால், பெரிய தொட்டியும் வெயில் காய ஒரு மேடும் அமைத்து நீங்களே வளருங்கள். இயலாவிடில் முறையாகப் பராமரிக்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். அதைத் தொட்டபின் பிள்ளை சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை.