பதினைந்து குடும்பம் உள்ள கிராமத்து லுத்தரன் சபையை டவுன் சபையோடு சேர்த்துவிடலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது இதுதான்: "எங்கள் ஊர்ச் சபையில் பதினைந்து குடும்பம்தான் மிச்சம். டவுன் சபையோடு இணைத்துவிடலாம் என்கிறார்கள். மிஷனரிகள் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. இந்தக் குக்கிராமத்துச் சபை தனியாக இருந்து என்ன சாதிக்கிறது?"

நீங்கள் அனேகமாக வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும்தான் ஊருக்கு வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். நான் ஆயர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கடலோரத்தில் ஒரு சின்னச் சபை. எங்கள் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே உபதேசியாராக, அதாவது ஆயருக்குத் துணையாக ஊரில் ஜெபம் நடத்துகிறவராக இருந்தார். இப்போது சபைப் பதிவேட்டுப் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வி என்னைச் சுட்டது.

நாங்கள் மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் பக்கம் லுத்தரன் என்று சொன்னால், "அது ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஓரியூரில் 1693-ல் கத்தோலிக்கக் குரு அருளானந்தர் தலை வெட்டுண்ட மண் இது. கடற்கரைக் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர்தான் அதிகம். ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளி எல்லோருக்கும் தெரியும். அந்த ஷ்வார்ட்ஸ் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய லுத்தரன் குரு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (அதுதான் சி.எஸ்.ஐ.) உருவானபோது நாங்கள் அதில் சேரவில்லை. நான் சண்டைக்குச் சொல்லவில்லை. என் மனைவியே சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்தான்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். அடுத்த வருஷம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்தே பேர், அவர்களும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். உங்கள் சபையில் பதினைந்து குடும்பம் என்கிறீர்கள்! 1530-ல் எழுதிய எங்கள் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் ஏழாவது பிரிவில் சபை என்றால் என்ன என்று வருகிறது. நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட வேண்டும், திருவிருந்தும் ஞானஸ்நானமும் முறைப்படி கொடுக்கப்பட வேண்டும். இத்தனை தலை வேண்டும் என்று அதில் இல்லை.

மிஷனரிகள் போய்விட்டார்கள் என்பதும் எனக்குப் பெரிய வாதமாகத் தெரியவில்லை. ஆரோன் 1733-லேயே தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற தமிழர். முதல் உலகப் போரில் ஜெர்மன்காரர்களை வெளியேற்றியபோது, சுவீடன்காரர்கள் தோள் கொடுத்தார்கள். 1919 ஜனவரி 14-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அந்தக் காலத்திலெல்லாம் ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்தி, சாவு வீட்டில் முதல் ஆளாக நின்றவர் உபதேசியார். வெள்ளைக்காரர் படம்தான் சுவரில் இருக்கிறது, உபதேசியார் படம் எங்கேயும் இல்லை.

இப்போது என் கதை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா, பேரனோடு கோயில் வாசலில் நின்றார். கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார்கள். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். அவருடைய தாயார் எங்கள் ஊர்ப் பெண். 1930-களில் கல்யாணமாகி, மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் போனவர். சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்: தொண்டிக்குத் தெற்கே, கடல் தெரிகிற சின்னக் கோயில், வாசலில் பூவரசு. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக ஊர் ஊராக விசாரித்திருக்கிறார்கள். கடைசியில் கடை வைத்திருக்கிற பாய்தான் கையோடு கூட்டி வந்தார்.

"எங்கம்மா பேரு இங்க எழுதியிருக்குமா தம்பி?" என்றார்.

தகரப் பெட்டியைத் திறந்தேன். வேப்பிலை போட்டு, அப்பா வைத்த மாதிரியே வைத்திருக்கிறேன். ஞானஸ்நானப் பதிவு முதல் பதிவேட்டில் இருந்திருக்கும். அது எங்களிடம் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறோம் என்று ஒரு அலுவலகத்தில் வாங்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை. நான்கு முறை நேரில் போனேன். "பார்க்கிறோம்" என்ற ஒரே பதில். இரண்டாவது பதிவேட்டில் திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்கு) பெற்றவர்கள் பகுதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. தகப்பன் பெயர், ஊர், தேதி, பழைய உபதேசியாரின் சாய்ந்த கையெழுத்து.

அந்த அம்மா பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு விரலை வைத்துத் தடவினார். "தோட்டத்துச் செக்ரோல்ல, அதான் ஆள் கணக்குப் புத்தகத்துல, அம்மா பேரைத் தப்பா எழுதிட்டாங்க. கடைசி வரைக்கும் அதே தப்புப் பேருதான் எல்லாக் காகிதத்துலயும். இங்கதான் சரியா இருக்கு" என்றார்.

ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். சாப்பிட்ட பிறகு அவர் லூத்தரின் ஞானோபதேசத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பத்துக் கட்டளையில் ஒவ்வொரு கற்பனைக்கும் பின்னால் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று தானே கேட்டு, தானே பதில் சொன்னார். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) விளக்கு வைத்ததும் தாயார் சொல்லிக் கொடுத்தது. என் பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு அதே பாடத்தைத்தான் மனப்பாடம் செய்தார்கள். இருவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அன்றுவரை எங்கள் கிராமத்தை ஒருநாளும் பார்க்காதவர், எங்கள் வரிகளை ஒரு சொல் பிசகாமல் வைத்திருந்தார்.

ஞாயிறு காலை ஆயர் வந்து கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த நகல் கொடுக்க வேண்டும். அவருக்கு நான்கு சபை. எட்டு மணி பஸ் மற்ற நாளெல்லாம் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. இதைச் சொல்லியே ஆக வேண்டும்: ஞாயிறு என்றால் கடலோரக் கிராமத்துக்காரன் எங்கும் போக மாட்டான் என்று யார் முடிவு செய்தார்கள்? ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு நாங்கள் போக வேண்டாமா? மனு எழுதி எழுதிச் சலித்துவிட்டது. ஆயர் மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்து, பத்தரைக்கு வந்து சேர்ந்தார். வழிபாடு முடிந்து நகலைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்த அம்மா தண்ணீர் குடித்தார்.

ஒரு தனிக்கதையை வைத்துச் சபையை நியாயப்படுத்துகிறான் என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள். எழுதட்டும். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கிறது என்பவர்களுக்கும் சொல்கிறேன்: கடைசியாகக் கூரை ஓடு மாற்றியது உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்கள் மாதாமாதம் எடுத்து வைத்த காணிக்கையில். ஓடு வரும்வரை மூடக் கிடுகு கொடுத்தவர் அதே பாய்.

இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயர் பற்றாக்குறை நிஜம், சம்பளக் கஷ்டமும் நிஜம். ஆனால் கூட்டத்தில் கை தூக்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிவேடுகள் யார் பொறுப்பில், எந்த ஊரில் இருக்கும்? கல்லறைத் தோட்டத்தில் சீமைக் கருவேலத்தை யார் வெட்டுவார்? நடக்க முடியாத கிழவிக்குத் திருவிருந்து கொடுக்க யார் வீட்டுக்கு வருவார்?

அதற்கு முன் பதிவேட்டின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். யார் கேட்டாலும் அசலைக் கொடுக்காதீர்கள். எங்கள் முதல் பதிவேட்டுக்காக நான் இந்த மாதமும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.