பூஜை அறையும் மாடி போர்ஷனும்

அன்புள்ள ஐயா,

திருநகரில் எங்கள் மாடி போர்ஷனுக்கு வாடகை போர்டு மாட்டியிருந்தோம். ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் திருநங்கை வந்து பார்த்தார். அட்வான்ஸ் தரவும் தயாராக இருந்தார். அம்மா ஆசாரமானவர், "நம்ம நம்பிக்கைக்குச் சரிப்படாது" என்றார். மறுத்துவிட்டேன். எனக்கு வெறுப்பெல்லாம் இல்லை. அமெரிக்காவில் மத நம்பிக்கையைச் சொல்லி, இரண்டு ஆண்களின் கல்யாணத்துக்கு கேக் செய்ய மறுத்த கடைக்காரருக்கே நீதிமன்றம் ஆதரவாகச் சொன்னதே? அம்மாவை மீறி நான் என்ன செய்ய?

- ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் செய்தது சட்டப்படியே தவறு. 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, வாடகை வீடு விஷயத்தில் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அரசுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தும். மத நம்பிக்கைக்கென்று அதில் விலக்கு எதுவும் இல்லை.

வந்தவர்கள் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களாக இருந்திருந்தால் இந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் உறவு குற்றமில்லை என்றது. ஆனால் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் எதைக் காட்டிக் கேட்பது? அதற்கொரு சட்டம் இன்னும் வராததுதான் எனக்கு ஆத்திரம்.

கேக் வழக்குக்கு வருகிறேன். புகாரை விசாரித்த கொலராடோ மாநில உரிமை ஆணையம் அந்தக் கடைக்காரரின் மதத்தை மரியாதையில்லாமல் நடத்தியது என்பதால்தான் 2018-ல் தீர்ப்பு அவர் பக்கம் போனது. கடை வைத்திருப்பவர் யாரை வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம் என்று அது சொல்லவில்லை.

1939 ஜூலை 8 அன்று காந்தியவாதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனபோது, எதிர்த்தவர்களும் நம்பிக்கையைத்தான் சொன்னார்கள். அவர்கள் நடித்ததாக நான் நினைக்கவில்லை, பக்தி உண்மையானதுதான். அதற்காக, அதுவரை வெளியே நின்றவர்கள் பட்ட அவமானம் சின்னதாகிவிடுமா?

அம்மாவின் பூஜை அறை அவருடையது. அங்கே யார் வரலாம், எப்படிக் கும்பிடலாம் என்பதில் சட்டம் தலையிட்டால் நானே எதிர்த்து எழுதுவேன். போர்டு மாட்டி வாடகைக்கு விடும் வீடு அப்படியல்ல.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2018 அக்டோபரில் தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. அதைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டப்படி திருநங்கையும் மணமகள்தான் என்று சொல்லிப் பதியச் சொன்னது.

அப்புறம், அவருடைய நம்பர் உங்கள் போனில் இருக்கும். இன்றைக்கே கூப்பிட்டு, வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வந்து பேசலாம் என்று சொல்லுங்கள்.