பேச்சில் சரளம், எழுத்தில் பிழை: பிரெஞ்சு ஆசிரியர்களின் கேள்விகள்

கேள்வி: என் பிரெஞ்சு வகுப்பில் சிலர் வீட்டிலேயே அந்த மொழியைப் பேசி வளர்ந்தவர்கள். பேச்சில் கில்லாடிகள். எழுதினாலோ, புதிதாகப் படிப்பவர்களைவிட அதிகப் பிழை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பேச்சையும் எழுத்தையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரே நிகழ்ச்சியை மூன்று நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதையே நூறு சொற்களில் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் காலம் சரியாக வந்து எழுத்தில் தவறினால், குறை எழுத்துக்கூட்டலில்தான். அவருக்கு இலக்கணப் பாடத்தை அடியிலிருந்து தொடங்குவது வீண்.

அதிகம் சறுக்குவது வினைச்சொல்லின் ஈற்றில். 'பேசுவது' என்ற வினையில், 'பார்லே' என்று ஒரே மாதிரி ஒலிப்பதை இடத்துக்கேற்ப ஈ-ஆர் (er), சாய்கோடிட்ட ஈ (é), ஈ-இஸட் (ez) என மூன்று விதமாக முடித்து எழுத வேண்டும். புத்தகத்தில் கற்றவர் கண்ணால் கற்றார். இவர் காதால் கற்றவர். எனவே காதையே பயன்படுத்துங்கள். அந்த இடத்தில் 'விற்பது' என்ற வினையைப் போட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். 'இல் ஃபோ வாந்த்ர' (விற்க வேண்டும்) என்று வந்தால் ஈ-ஆர். 'ஜே வாந்த்யு' (நான் விற்றேன்) என்றால் சாய்கோடிட்ட ஈ. 'வூ வாந்தே' (நீங்கள் விற்கிறீர்கள்) என்றால் ஈ-இஸட். புதிதாகக் கற்பவருக்கு இந்த உத்தி அவ்வளவாக உதவாது. எது பொருந்துகிறது என்று அவர் காது சொல்லாது.

வாரம் ஒருமுறை நான்கைந்து வரி டிக்டேஷன் கொடுங்கள். தனியாக எழுதியபின் மூவர் கூடி, காரணம் சொல்லி வாதாடி, ஒரே பிரதி தரட்டும். குழுவில் விதி தெரிந்த ஒருவரும் காதால் கற்ற ஒருவரும் இருப்பது நல்லது. குரல் ஓங்கியவர் சொன்னதே முடிவாகிவிடும் ஆபத்து உண்டு. பேனா அமைதியானவர் கையில் இருக்கட்டும். காரணம் சொல்லாத எதையும் அவர் எழுதக் கூடாது.

கேள்வி: ஒரு மாணவி தொண்ணூறுக்கு 'நொனான்த்' என்கிறாள். பாடநூலில் 'காத்ர-வான்-தீஸ்' என்றுதான் இருக்கிறது. மதிப்பெண் குறைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் அதுதான் வழக்கு. கனடாவின் கியூபெக்கில் 'தெஜெனே' காலை உணவு, பிரான்சில் மதிய உணவு, இரண்டும் சரி. 'வட்டாரச் சொல்' என்று ஓரத்தில் குறித்து, பாடநூல் வடிவத்தையும் அறிமுகப்படுத்துங்கள்.

எதிர்மறையில் 'ந' விடுபடுவது வேறு கதை. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'ஜ ந சே பா' என்னாமல் 'ஜ சே பா' என்று பாரிஸ்காரர்களும்தான் பேசுகிறார்கள்; அலுவல் கடிதத்தில் மட்டும் அது எடுபடாது. அதே வாக்கியத்தைத் தோழிக்கு ஒரு குறுஞ்செய்தியாகவும், தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதமாகவும் எழுதச் சொல்லுங்கள். கடிதத்தில் 'ந' விடுபட்டால் தாராளமாகக் குறையுங்கள்.