சர்வர் மாற்றிய பிறகு அலுவலகக் கணினி உள்ளே விடவில்லை, என்ன செய்வது?

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 'டொமைனுடனான நம்பிக்கை உறவு முறிந்தது' என்று விண்டோஸ் சொல்கிறது என்கிறீர்கள். (டொமைன் என்பது அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரு சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு.) பயப்படாதீர்கள், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

உங்களைப் போலவே கணினிக்கும் டொமைனில் ஒரு கணக்கும் ரகசியக் கடவுச்சொல்லும் உண்டு. வழக்கமாக 30 நாளுக்கொருமுறை அது தானாக மாறும். சர்வரைப் பழைய பேக்கப்பிலிருந்து மீட்டிருந்தால், சர்வரிடம் பழையது, கணினியிடம் புதியது. அதனால்தான் இந்தத் தகராறு.

முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் அணையுங்கள். பிறகு வழக்கமான பாஸ்வேர்டைப் போடுங்கள். விண்டோஸ் கடைசியாக நுழைந்த 10 பேரின் விவரத்தைப் பொதுவாக உள்ளேயே வைத்திருக்கும். பெரும்பாலும் திறந்துவிடும். அவசர ஃபைலை முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஐடி ஆளைக் கூப்பிடுங்கள். கணினியிலேயே உள்ள நிர்வாகி கணக்கில் (பெயருக்கு முன் .\ போட்டு) நுழைந்து, கேபிளை மாட்டி, பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) ஒரே கட்டளையில் உறவைச் சரிசெய்துவிடுவார். டிஎன்எஸ் முகவரி (பெயரை வைத்துச் சர்வரைத் தேட உதவுவது) ரவுட்டரைக் காட்டுகிறதா, டொமைன் சர்வரையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; டொமைன் சர்வரைத்தான் காட்ட வேண்டும். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினாலும் டொமைன் உள்ளே விடாது.

ஒன்று மட்டும் வேண்டாம்: அந்த நிர்வாகி கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமல் கணினியை டொமைனிலிருந்து விலக்காதீர்கள். அப்புறம் வழக்கமான முறையில் நுழைய வழி இருக்காது.