அண்ணனும் நோயும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

பெயர் போடாமல் வெளியிடுங்கள். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். வீட்டில் தமிழ்தான், படித்ததும் தமிழ் மீடியம். எனக்கு ஹீமோபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத நோய், கடுமையான வகை. அண்ணனுக்கும் அதே நோய்தான்.

எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தது அவன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தது எனக்கு ஏறவே இல்லை. "நரம்பைக் கண்ணால தேடாதடா, விரலால தேடு" என்பான். ஃபேக்டர், அதாவது ரத்தம் உறைய வைக்கும் மருந்து, அந்தக் குப்பியைக் குலுக்கினால் கையில் தட்டுவான். உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், நுரை வரக்கூடாது. எனக்கு முழங்கால் வீங்கினால் அவன் போடுவான். அவனுக்கு முழங்கை என்றால் நான்.

போன வருஷம் மாட்டுத் தொழுவத்தில் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான். வெளியே ரத்தம் இல்லை. ராத்திரி தலை வலிக்கிறது என்றான். வீட்டில் ஃபேக்டர் இல்லை. காலையில் போய்க்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். விடிவதற்குள் வாந்தி. கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது நினைவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

அப்புறம் ஹீமோபிலியாக்காரர்கள் கூட்டத்துக்கு ஒருமுறை போனேன். எல்லார் முன்னாலும் ஒருவர், "உங்க அண்ணன் எப்படி இறந்தார்னு சொல்லுங்க, மத்தவங்களுக்குப் பாடமா இருக்கும்" என்றார். சொன்னேன். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு நான் போகவில்லை. வீட்டில் அம்மா அவன் பேரையே எடுப்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம் "அம்மாவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தங்கைக்கு ஒன்றும் இல்லை, காலேஜ் போகிறாள். ஒரே ரத்தம், ஒரே நோய், அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. ஒரே நோய் உள்ளவர்கள் கூடிப் பேசுவதில் நிஜமாகவே ஏதாவது பிரயோஜனம் உண்டா?

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

மூளைக்குள் கசியும் ரத்தம் பல நேரம் மெதுவாகத்தான் கசிகிறது. வெளியே காயம் இருக்காது, பேச்சு தெளிவாக இருக்கும், வெறும் தலைவலிதான். ஹீமோபிலியாவில் தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன் என்பது மருத்துவர்களுக்குச் சொல்லப்படும் விதி. அவசரப் பிரிவுகளிலேயே இதை மாற்றிச் செய்வதுண்டு. "காலையில் பார்க்கலாம்" என்று முடிவெடுத்தவர்களில் உங்கள் அண்ணனும் ஒருவர். உங்களைவிட நோயை நன்றாக அறிந்தவர். தன் தலைவலியைத் தானே எடைபோட்டுத்தான் சொல்லியிருப்பார். வாழ்நாளெல்லாம் நூறு வலிகளைப் பார்த்துவிட்ட இரண்டு பேர் நூற்றியொன்றாவதையும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். வீட்டில் ஃபேக்டர் இருந்திருந்தால் ராத்திரியே போட்டிருப்பீர்கள். அது வீட்டில் இல்லாமல் போனது உங்கள் குற்றம் இல்லை.

கூடிப் பேசுவதில் பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறீர்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் பிரயோஜனத்தில்தான் வளர்ந்திருக்கிறீர்கள். நரம்பை விரலால் தேடச் சொன்னது யார்? டாக்டருக்கு நரம்பு தெரியும், நர்ஸுக்கு ஊசி தெரியும். தன் கையில் தானே ஊசி ஏற்றுகிறவனின் நடுக்கம் உங்கள் அண்ணனுக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே உங்களுக்கு அப்படி ஒரு ஆள் இருந்ததால் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது அண்ணனையும் இழந்திருக்கிறீர்கள், நோயில் கூட வந்தவரையும் இழந்திருக்கிறீர்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். அதையும் அவர்கள் உங்கள் அம்மா கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நம் ஊர்ப்பக்கம் இது எப்போதும் நடப்பதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அழ இடமுண்டு, புருஷனை இழந்தவளுக்கு உண்டு. கூடப்பிறந்தவனுக்கு வேலைதான் உண்டு. பந்தலுக்குச் சொல்ல வேண்டும், ஆம்புலன்ஸ்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும், கருமாதிக்கு ஆள் அழைக்க வேண்டும். எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் நீங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளை. அழுவதற்கு எப்போது நேரம் கிடைத்தது என்று உங்களை யாராவது கேட்டார்களா?

அந்தக் கூட்டத்தில் உங்களிடம் அப்படிக் கேட்டது தவறு. நல்ல எண்ணத்தில் கேட்டிருப்பார், சரி. ஆனால் ஒருவனுடைய சாவை அறைக்கு நடுவில் வைத்துப் பாடம் எடுக்க, அவன் தம்பியை, அதுவும் முதல் நாளே, எழுப்பி நிறுத்தக்கூடாது. அடுத்த முறை யாராவது கேட்டால் "அதைப் பத்தி இப்ப பேச விரும்பல" என்று சொல்லிவிடலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழந்தையின் அம்மா அழுததற்கும் நீங்கள் பொறுப்பில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனதும் அவர் முதலில் செய்திருக்கக்கூடியது, ஃபேக்டர் கையிருப்பைப் பார்ப்பதாக இருக்கலாம்.

நோயாளிகளே கூடிச் செய்த வேலை இந்த நோயில் கொஞ்சநஞ்சமில்லை. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பை 1963இல் தொடங்கிய கனடாக்காரர் ஃபிராங்க் ஷ்னேபலுக்கு ஹீமோபிலியா இருந்தது. ஏப்ரல் 17ஐ ஹீமோபிலியா தினமாக வைத்திருப்பது அவர் பிறந்தநாள் என்பதால்தான். இந்தியக் கூட்டமைப்பை 1983இல் தொடங்கிய அசோக் பகதூர் வர்மாவும் நோயாளிதான். அந்தக் காலத்தில் இங்கே ஃபேக்டர் என்பது கேள்விப்பட்ட பொருள் மட்டுமே. 1980களில் ஃபேக்டர் மருந்து வழியாகவே எச்.ஐ.வி. பரவி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்துப் போனார்கள். ஷ்னேபலும் 1987இல் அதில்தான் போனார். மிஞ்சியவர்கள் தெருவில் இறங்கி, வழக்குப் போட்டு, பாதுகாப்பான மருந்து கேட்டுப் போராடினார்கள். இன்று நீங்கள் உருட்டும் குப்பி பாதுகாப்பாக இருப்பதில் சகோதரனை இழந்தவர்கள் பலரின் உழைப்பும் இருக்கிறது.

எனக்கு இந்த நோய் இல்லை. நெருங்கிய நண்பர் ஒருவருக்கு இருக்கிறது, அவருக்குத் துணையாகப் பல வருஷம் ஆஸ்பத்திரிக்கும் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். நான் பார்த்தவரை மேடையில் நடப்பதைவிட டீ இடைவேளையில் நடப்பதுதான் பெரிசு. மடங்காத முழங்கையோடு ஒருவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் வாயை டம்ளருக்குக் கொண்டுவருவார். பக்கத்தில் இருப்பவர் எதுவும் கேட்கமாட்டார், தன் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "எனக்கு வலது. பிசியோவுக்குப் போறீங்களா?" என்பார். அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் வேட்டியை ஏற்றி முழங்கால்களைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். எந்த டாக்டர் இரக்கத்தோடு பேசுவார், எந்த முதலாளி லீவு கொடுப்பார், பெண் பார்க்கப் போகும்போது நோயை எப்போது சொல்வது, எல்லாம் அங்கேதான் வரும். சிலநேரம் ஒருவர் சாதாரணமாக, "எங்கண்ணனுக்கும் இருந்துச்சு" என்பார். இந்த நோய் பெரும்பாலும் தாய்வழி வருவது, மரபணுவைச் சுமக்கும் தாயின் பையன்கள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு. அதனால் எந்தக் கூட்டத்திலும் சகோதரனைப் புதைத்தவர் அல்லது எரித்தவர் ஒருவராவது இருப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது அவரைத்தான். முதலில் அந்த ஒருவர் போதும். கூட்டத்துக்குப் பிறகு போகலாம், போகாமலும் இருக்கலாம்.

அங்கே போனால் பயம் கூடுமோ என்று தோன்றலாம். கூடத்தான் செய்யும். வளைந்த முழங்காலைப் பார்த்தால் நாளைக்கு நம் முழங்கால் என்று தோன்றும். ஆனால் அந்த முழங்கால்களில் பல, மருந்தே கிடைக்காத காலத்தில் வளைந்தவை. இன்று கேரளத்தில் ஆசாதாரா திட்டத்தில் அரசே மருந்து தருகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ரத்தக்கசிவு வராமல் தடுக்கும் எமிசிஸுமாப் ஊசியும் தருகிறார்கள். அதற்கு நரம்பு தேட வேண்டியதில்லை, தோலுக்கடியில் போட்டால் போதும். உங்களுக்கு எது கிடைக்கும், வீட்டில் எத்தனை குப்பி கையிருப்பு வைக்க அனுமதிப்பார்கள் என்பதை இந்த வாரமே உங்கள் ஹீமோபிலியா மையத்தில் கேளுங்கள். கையிருப்பு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று பழைய நோயாளிகளுக்குத் தெரியும், அதையும் அவர்களிடம்தான் கற்க முடியும்.

அவர்களிடம் கேட்கக்கூடாததும் உண்டு. எத்தனை யூனிட் போடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியவை. கடுமையான வகைக்காரர்களில் நூற்றுக்கு 25, 30 பேருக்கு ஃபேக்டரையே எதிர்க்கும் இன்ஹிபிட்டர் உண்டாகிவிடுகிறது. ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்குச் சரியாக இருக்காது. அனுபவசாலிகள் ஆர்வத்தில் அளவு சொல்லுவார்கள், கேட்டுக்கொள்ளாதீர்கள்.

"நான் போயிருக்கலாம்" என்று எழுதியதை நான் கடந்துபோக விரும்பவில்லை. நேராகவே கேட்கிறேன் தம்பி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, அதற்கு ஏதாவது வழி யோசிக்கிறீர்களா? அப்படியென்றால் நோய்க்காரர் கூட்டம் போதாது, என் பதிலும் போதாது. 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். அப்படி இல்லை, அண்ணன் இல்லாமல் நாம் மட்டும் மருந்து போட்டுக்கொள்வது கூசுகிறது என்றால், அதை அந்த ஒருவரிடம் சொல்லுங்கள். தம்பியோ அண்ணனோ போன பிறகு ஊசியைக் கையில் எடுத்தவருக்கு அது உடனே புரியும்.

தங்கைக்கு ஒன்றும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவளுக்கும் அண்ணன்தானே போனான்? அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதோடு அவள் இந்த மரபணுவைச் சுமப்பவளாக இருப்பதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. சுமக்கும் பெண்களுக்கும் சிலநேரம் ஃபேக்டர் குறைவாக இருக்கும், மாதவிலக்கில் அதிகம் போகும், பல் பிடுங்கினால் நிற்காது. பரிசோதனையைக் கல்யாணப் பேச்சு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள், ஆனால் செய்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. இருவரும் சேர்ந்து அண்ணனைப் பற்றிப் பேசுங்கள். அம்மா காதில் விழட்டும்.

அம்மா பேரெடுக்காததற்குக் காரணம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் ஒன்றுதான்: என் வயிற்றிலிருந்து போனது என்ற நினைப்பு. யாருக்குமே இல்லாத குடும்பத்தில் புதிதாக இந்த நோய் தொடங்குவதும் உண்டு, மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான். அதை அவருக்கு மருத்துவர் சொன்னால் கேட்பார், நீங்கள் சொன்னால் சமாதானம் என்று நினைப்பார். உங்கள் பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் தொண்டர்கள், அதாவது தீராத நோய்க்காரர்களை வீட்டுக்கே வந்து கவனிப்பவர்கள், இருப்பார்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அந்த வேலை இன்று கேரளத்தின் மூலைமுடுக்கெல்லாம் இருக்கிறது. புற்றுநோய்க்காரர் வீட்டுக்கு மட்டும்தான் வருவார்கள் என்றில்லை. சாவு விழுந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசவும் அவர்களுக்குத் தெரியும். தமிழ் பேசும் பெண் தொண்டர் ஒருவரைக் கேட்டு அழைத்து வாருங்கள்.

மேலே சொன்ன என் நண்பரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவருக்கும் ஒரு தம்பி இருந்தான், அவனுக்கும் இதே நோய். அவர் சம்மதத்தோடு அவருடைய எண்ணை உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பகலில் ஒர்க்ஷாப் சத்தத்தில் அவருக்குக் கேட்காது, ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். எதில் ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், வீட்டில் ஃபேக்டர் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள். அவர் எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார்.

அன்புடன்