கீபோர்ட்டில் மணல், சீனி, எறும்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: லப்டொப் பட்டன்களில் ஒரே பிசுக்கு. பாமசியில் வாங்கிய சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைக்கலாமா? (உப்புவெளி வாசகி)

பதில்: முதலில் போத்தல் லேபிளை வாசியுங்கள். சில சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். ஸ்பிரிட் பறந்துவிடும், எண்ணெய் தங்கிப் பிறகு தூசியைப் பிடிக்கும். கிளிசரின் சேர்ந்த சனிடைசர் ஜெல்லும் அப்படித்தான். 70 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் என்று கேட்டு வாங்குங்கள்.

லப்டொப்பை ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். மைக்ரோஃபைபர் துணியின் நுனியை மட்டும் நனையுங்கள். பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. இடுக்குகளுக்குக் கொட்டன் பட்ஸ் போதும். கீபோர்ட் மேல் நேரே ஸ்ப்ரே அடிக்காதீர்கள். நெயில் பொலிஷ் ரிமூவர் பக்கமே போகவேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

கேள்வி: கடற்கரையில் வைத்துப் பாவித்தபின் 'எஸ்' பட்டன் கரகரக்கிறது. (நிலாவெளி)

பதில்: மணலை எடுக்காமல் துடைத்தால் கீறலும் விழும், மணலும் உள்ளே இறங்கும். ஓஃப் செய்து, மூடியைத் திறந்தபடி தலைகீழாகப் பிடித்து, பின்புறத்தில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு லப்டொப்பை ஏறக்குறைய செங்குத்தாகச் சரித்து, அழுத்திய காற்று அடைத்த ஸ்ப்ரே டின்னால் இடமிருந்து வலமாகக் குட்டிக் குட்டியாக அடியுங்கள். டின் நிமிர்ந்தே இருக்கவேண்டும். சரிந்தால் குளிர்ந்த திரவம் பீச்சும். கமெரா லென்ஸுக்குப் பாவிக்கும் ரப்பர் ஊதியும் நல்லது. வாயால் ஊதினால் எச்சில் போகும்.

அப்படியும் கரகரத்தால் மணல் துகள் ஒன்று பட்டனுக்குக் கீழேயுள்ள கத்தரிக்கோல் வடிவப் பிளாஸ்டிக்கில் சிக்கியிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் பட்டனை நெம்பலாம். ஆனால் எந்த ஓரத்திலிருந்து என்பது மொடலுக்கு மொடல் மாறும், மாறி நெம்பினால் மயிரளவுக் கொக்கி முறியும். ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் பட்டன்களுக்கு அடியில் கம்பி இருப்பதால் அவற்றைக் கடைக்காரரிடம் விடுங்கள். 2015 முதல் சில ஆண்டுகள் வந்த, பட்டர்பிளை வகைக் கீபோர்ட் கொண்ட மக்புக்கில் எதையுமே கழற்றாதீர்கள்.

கேள்வி: சீனி போட்ட பிளேன்டீ கொட்டிவிட்டது. அரிசிக்குள் வைத்திருக்கிறோம். எப்போது ஓன் செய்யலாம்? (திருகோணமலை நகர்)

பதில்: அரிசியிலிருந்து உடனே எடுங்கள். உள்ளே போன தேநீரை அது இழுக்காது, தூள்தான் துவாரங்களில் புகும். ஓன் செய்யவும் வேண்டாம்.

கொட்டிய கணமே பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி ஓஃப் செய்து, சார்ஜரையும் யூ.எஸ்.பி.களையும் பிடுங்கி, கீபோர்ட் கீழ்நோக்கக் கூடாரம்போல் கவிழ்த்துத் துவாய்மேல் வைக்கவேண்டும். மின்விசிறிக் காற்று போதும். ஹெயார் டிரையர் சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், ஈரத்தையும் உள்ளே தள்ளும்.

ஓஃப் ஆனாலும் பட்டரியிலிருந்து உள்ளேயுள்ள மின்சுற்றுப் போர்டுக்கு மின் போய்க்கொண்டே இருக்கும். ஈரமும் மின்னும் சேர்ந்த இடத்தில் செம்புக் கோடுகள் பச்சை பூத்து அரிக்கும். ஆகவே அன்றைக்கே அடிமூடியைத் திறந்து பட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். தண்ணீர் காய்ந்தால் காய்ந்ததுதான்; சீனி பசையாகி நிற்கும், பால் தேநீர் நாற்றமும் எடுக்கும். கடல்நீர் எல்லாவற்றையும்விட மோசம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வாடைக்காலத்தில் சொல்லவே வேண்டாம்.

கீபோர்ட் மாற்றவேண்டி வந்தால் அடியிலுள்ள மொடல் இலக்கத்தைக் கொடுத்து விலை கேளுங்கள். சில மொடல்களில் கீபோர்ட்டும் மேல்மூடியும் ஒன்றாக ரிவெட் அடித்திருக்கும், செலவு ஏறும்.

கேள்வி: பட்டனுக்குள்ளிருந்து சிற்றெறும்பு வருகிறது. மருந்து அடிக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: அடிக்காதீர்கள். பூச்சி ஸ்ப்ரேயின் கரைப்பான் திரைப்பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், செத்த எறும்பும் உள்ளேயே கிடக்கும். பிஸ்கட் துகளைத் தட்டி எடுத்துவிட்டு, எறும்புப் பொறியை மேசையில், லப்டொப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மேசைக் கால்களைத் தண்ணீர் டின்னில் நிறுத்தும் பழைய வழி இன்றும் பலிக்கிறது.

கேள்வி: பட்டன்கள் மினுமினுக்கின்றன. எதைப் போட்டுத் தேய்ப்பது? (கிண்ணியா)

பதில்: அல்ககோலில் போகாத மினுக்கம் அழுக்கல்ல, பிளாஸ்டிக் தேய்ந்தது. அதைத் திருப்ப முடியாது.

கேள்வி: கச்சான் காற்றுத் தூசிக்கு சிலிக்கன் உறை போடலாமா? (மூதூர்)

பதில்: மெல்லியதாகப் போடலாம். மூடும்போது கழற்றிவிடுங்கள், திரையில் அச்சு விழும். கீபோர்ட் வழியாகக் காற்று இழுக்கும் மொடல் என்றால் போடவே வேண்டாம், சூடேறும்.