பக்கத்து வீட்டுக்காரரின் ஆஸ்பிரின்

கேள்வி: எனக்கு வயது 64. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. அவருக்கு எழுதிக்கொடுத்த 75 மி.கி. ஆஸ்பிரினை, முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நானும் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டுவருகிறேன். மூட்டுவலி வந்தால் டைக்ளோஃபினாக்கும் போடுவேன். ஆஸ்பிரினைத் தொடரலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: அவருக்கு வந்தது ரத்தக்கட்டியால் ஏற்பட்ட பக்கவாதம் என்றால் அவர் தொடரத்தான் வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

காயம் பட்ட இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் திரண்டு அடைப்பதால்தான் ரத்தம் நிற்கிறது. ரத்தக்குழாய்க்குள் கொழுப்புத் திட்டு வெடித்தாலும் அவை அங்கே திரளும். அப்போது குழாயே அடைபட்டுவிடும். ஆஸ்பிரின் தட்டணுவில் உள்ள ஒரு நொதியை முடக்கிப்போடுகிறது. ஏழு முதல் பத்து நாள் வரை வாழும் அந்தத் தட்டணு, ஆயுள் முடியும்வரை முடங்கியதுதான். வேண்டாத உறைவை மட்டும் பார்த்துத் தடுக்கும் விவேகம் இந்த மாத்திரைக்குக் கிடையாது. அதனால்தான் இரைப்பையிலும் குடலிலும், அரிதாக மூளையிலும் ரத்தம் கசிகிறது.

இதில் லாபமா நட்டமா என்பது, ஏற்கெனவே அடைப்பு வந்தவரா என்பதைப் பொறுத்தது. பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்த ஒரு தொகுப்பாய்வு 2009இல் லான்செட் இதழில் வெளியானது. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில், ஆண்டுக்கு 8.2 சதவீதமாக இருந்த மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் ஆஸ்பிரினால் 6.7 ஆகக் குறைந்தன. ஆயிரம் பேருக்குப் பதினைந்து பேர் தப்பிக்கிறார்கள். எதுவுமே வராதவர்களிடம் இது 0.57இலிருந்து 0.51 ஆனது, ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை.

‘எனக்குச் சர்க்கரை இருக்கிறதே, ஆபத்து கூடுதல் அல்லவா?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்காகவே பிரிட்டனில் 15,480 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்திய ‘அசென்ட்’ ஆய்வு 2018இல் வெளிவந்தது. சராசரியாக ஏழாண்டுக்கு மேல் கவனித்ததில், பாதிப்புகள் 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவோ 3.2இலிருந்து 4.1 ஆக உயர்ந்தது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுத்த கதை. எழுபதைத் தாண்டியவர்களிடம் நடந்த ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வில் அந்தச் சிறு பலனும் தென்படவில்லை, கசிவு மட்டும் கூடியது. இதையெல்லாம் பார்த்துத்தான், இந்நோய்கள் வராதவர்கள் அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல் பரிந்துரைத்தது.

உங்கள் கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காத விவரம் ஒன்று உண்டு: இப்போது உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு? பக்கவாதங்களில் ஒரு பகுதி அடைப்பால் வருவதல்ல, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வருவது. அதற்கு முதல் காரணம் கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம். மேல் அளவு 160, 170 என்று நிற்கும்போது ஆஸ்பிரினும் சேர்ந்தால் ஆபத்து ஏறும். அதை 130க்கு அருகில் கொண்டுவருவது இரண்டு வகைப் பக்கவாதத்தையும் தடுக்கும். அப்பளத்தையும் ஊறுகாயையும் ஒதுக்கிவைப்பது இந்த ஆஸ்பிரினைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

டைக்ளோஃபினாக்தான் எனக்குப் பெரிய கவலை. இரண்டும் சேரும்போது குடற்புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்காகிறது. குடலில் கரையும் பூச்சு போட்ட மாத்திரை என்று மருந்துக்கடையில் சொல்லியிருக்கலாம். அந்தப் பூச்சு கசிவைத் தடுப்பதில்லை. மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ காரணமில்லாமல் களைப்பும் மூச்சுவாங்கலும் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். டெங்கு காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலும் இரண்டு மாத்திரைகளையும் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நாடித்துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு இசிஜியும் எடுக்கச் சொல்லுங்கள். இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பதால் வரக்கூடிய பக்கவாதத்துக்கு ஆஸ்பிரின் போதாது, வேறு வகை உறைவெதிர்ப்பு மருந்து வேண்டும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது ஆபத்தில் முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாய் கோணி, கை துவண்டு, பேச்சு குழறினால் வீட்டிலேயே ஆஸ்பிரினைக் கொடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நெஞ்சுவலிக்குச் சொன்னதை இதற்கும் பொருத்திவிடுகிறார்கள். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது; கசிவாக இருந்தால் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கும். வாய்வழி எதையும் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.